லீட்ஸிலிருந்து கார்லைலுக்கு: ரயில், பப், ஓட்டல் ரூம்

டர்பனிலிருந்து பிரிட்டன் போகிற நம் ஆட்களில் பலர் லண்டனைச் சுற்றிவிட்டு, சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். விசாவுக்கும் ஃப்ளைட்டுக்கும் அவ்வளவு ரேண்டைக் கொட்டிய பிறகு அதோடு நின்றுவிடாதீர்கள். வடக்கே லீட்ஸ் போய், செட்டில் என்ற ஊர் வழியாகக் கார்லைல் போகிற ரயிலில் ஏறுங்கள். நானும் என் வீட்டுக்காரரும் அங்கே செலவழித்ததில் கொடுத்த காசுக்கு மேலாகவே கிடைத்தது அந்தப் பயணத்தில்தான்.

சாதாரணப் பெட்டிதான். கார்லைல் சேர இரண்டே முக்கால் மணி நேரம் போல ஆகும். செட்டில் தாண்டினால் மரங்கள் குறைந்து மேட்டு நிலமும், கல் அடுக்கிய வேலியும், ஆடுகளும்தான். ரிபிள்ஹெட்டில் கட்டாயம் இறங்குங்கள். 24 வளைவுகள், 400 மீட்டர் நீளம், 32 மீட்டர் உயரம் உள்ள கல்பாலம் அங்கே இருக்கிறது. ரயிலுக்குள் உட்கார்ந்திருந்தால் அதன் அருமை தெரியாது, கீழே போய் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும்.

இந்தப் பாதையில் 1876இல் பயணிகள் ரயில் ஓட ஆரம்பித்தது. கட்டிய கூலியாட்கள் பாலத்தைச் சுற்றியே குடிசை போட்டு, பெண்டு பிள்ளைகளோடு அந்தக் குளிரில் கிடந்தார்கள். விபத்திலும் பெரியம்மையிலும் செத்தவர்களைப் பக்கத்திலுள்ள சாப்பல்-லெ-டேல் தேவாலயத்தில் புதைத்திருக்கிறார்கள். என் கொள்ளுத்தாத்தா நேட்டால் ரயில்வேயில் கூலியாக இருந்தவர். அதனால் பாலத்தைப் போட்டோ எடுத்ததோடு கிளம்ப எனக்கு மனம் வரவில்லை, அந்தக் கல்லறைகளையும் போய்ப் பார்த்தோம்.

1980களில் இந்தப் பாதையையே மூடப் பார்த்தார்கள். ஜனங்கள் ஆயிரக்கணக்கில் ஆட்சேபனை எழுதினார்கள். ரஸ்வார்ப் என்ற நாய்கூடத் தன் கால் தடத்தைப் பதித்து மனுக் கொடுத்தது, அதற்கும் டிக்கெட் வாங்கிய பயணி என்ற உரிமை இருந்ததாம்! 1989இல் பாதை பிழைத்தது. கார்ஸ்டேல் ஸ்டேஷனில் அந்த நாய்க்குச் சிலை இருக்கிறது.

இனி சாப்பாடு. பப் என்றால் குடிக்கிற இடம் என்று நம் பெண்கள் தயங்க வேண்டாம். பகலில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மேசையில் காத்திருந்தால் பல இடங்களில் யாரும் வரமாட்டார்கள், கவுண்டருக்குப் போய் ஆர்டர் கொடுத்துப் பணம் கட்ட வேண்டும். மாட்டிறைச்சி தொடாத நம்மவர்கள் ஒன்றை நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்: லீட்ஸ் இருக்கிற யார்க்‌ஷயர் பக்கம் சிப்ஸை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிற கடைகள் நிறைய. யார்க்‌ஷயர் புட்டிங் என்கிற, மாவைக் கரைத்துச் சுடும் பண்டமும் அப்படித்தான் இருக்கலாம். எந்த எண்ணெய் என்று கேட்டால் தயங்காமல் சொல்லிவிடுகிறார்கள், யாரும் முகம் சுளிக்கவில்லை. பீப்பாயிலிருந்து கையால் இழுத்து ஊற்றுகிற பீரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பதுண்டு. அசைவத்தை அறவே விட்டவர்கள் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். புரட்டாசியில் போனால் காய்கறி அடைத்துச் சுட்ட ‘பை’ பலகாரமும் சூப்பும் போதும், வயிறு நிறையும்.

ஓட்டல்தான் குறை. லீட்ஸில் நாங்கள் எடுத்த ரூம் மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. முட்டி வலிக்காரரான என் வீட்டுக்காரர் படியிலேயே இரண்டு தரம் உட்கார்ந்துவிட்டார். புக் பண்ணும்போது யாரும் சொல்லவில்லை. பழைய கட்டடம் என்றால் லிஃப்ட் உண்டா என்று முதலில் கேளுங்கள். நம் உருண்டை முனை பிளக் அங்கே நுழையாது, அடாப்டரை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். ரூமில் கெட்டிலும் தேயிலைப் பையும் வைத்திருந்தார்கள், அது பெரிய ஆறுதல்.

டிக்கெட்டில் கவனம் வேண்டும். அட்வான்ஸ் டிக்கெட் மலிவு, ஆனால் குறித்த ரயிலுக்கு மட்டும்தான், நடுவில் ரிபிள்ஹெட்டில் இறங்கிச் சுற்ற அது உதவாது. வெளிநாட்டில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் விற்கிற பிரிட்ரெயில் பாஸ் இருந்தால் அந்தத் தொல்லை கிடையாது. இறங்குமுன் அடுத்த ரயில் எப்போது என்று பார்த்துவிடுங்கள். ரயில்கள் அடிக்கடி இல்லை, அந்த மேட்டுக் காற்றில் மழைக்கோட்டு இல்லாமல் நிற்க முடியாது.