டிகிரி முடித்ததும் வேலையா, டிஎன்பிஎஸ்சியா?

சென்னையில் ஐடி வேலை கிடைத்தால் முதல் மாதமே சம்பளம் வரும். பிஎஃப் பிடித்து, சோழிங்கநல்லூர் பக்கம் ரூம் வாடகையில் பங்கும் கொடுத்தபின் கையில் மிஞ்சுவது சொற்பம்தான். புராஜெக்ட் எதுவும் தராமல் 'பெஞ்சில்' உட்கார வைத்தால், வேலை போய்விடுமோ என்ற பயம் வேறு.

தமிழ்நாடு அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி தேர்வுத் தயாரிப்பு வேறு கணக்கு. இளநிலை உதவியாளர், விஏஓ போன்ற பணிகளுக்கான குரூப் 4க்கு ஒரே எழுத்துத் தேர்வு: 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 100 கேள்வி தமிழ்; அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதி விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிப் பாடப்புத்தகங்களைத் திரும்பப் புரட்ட வேண்டும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதியைப் பார்த்தால் போட்டி எவ்வளவு என்று புரியும். பத்தாம் வகுப்புத் தகுதிக்கான தேர்வுக்கு இன்ஜினியர்கள் வரிசையில் நிற்கிறார்கள்!

செலவு குறைவுதான். ஆனால் அறிவிப்பு, தேர்வு, ரிசல்ட், கவுன்சிலிங் என்று ஒரு சுற்றுக்கே வருடம் ஓடிவிடும். அதற்குள் "என்னப்பா, இன்னும் படிச்சிட்டுதான் இருக்கியா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை.

வீட்டில் கல்விக்கடன் இருந்தால் நான் வேலையைத்தான் சொல்வேன். கடன் இல்லையா? சரி, ஒரு சுற்று முழுமூச்சாக எழுதிப் பார்க்கலாம். மூன்றாவது சுற்றுக்கும் வேலையில்லாமல் உட்காருவது மட்டும் வேண்டாம்.