உள்ளூர் ஏ.எல்லா, லண்டன் ஏ.எல்லா?

எங்கள் மூத்தவள் ஓ.எல் எழுதி முடித்த கையோடு வீட்டில் தொடங்கிய வாக்குவாதம் இது. ஓ.எல்லுக்குப் பிறகு, பல்கலைக்கழகத்துக்கு முதல் எழுதும் உயர்தரச் சோதனைதான் ஏ.எல். உள்ளூர் ஏ.எல்லை இலங்கை அரசு நடத்துகிறது, இங்கிருந்தே எழுதக்கூடிய லண்டன் ஏ.எல்லை பிரித்தானியச் சோதனைச் சபைகள் நடத்துகின்றன. ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சி, "லண்டன் ஏ.எல் செய்ய விடுங்கோ அக்கா, பிறகு இஞ்ச எடுக்கலாம்" என்றாள். அப்பாவோ உள்ளூர்ச் சோதனையைத் தவிர வேறெதையும் சோதனையாகவே கணக்கெடுக்க மாட்டார். கடைசியில் உள்ளூர் ஏ.எல்லில், கணிதப் பிரிவில் சேர்த்தோம். இப்போது சின்னவனுக்கும் அதே பேச்சு எழும்பியிருக்கிறது. நான் உள்ளூர்ப் பக்கம்தான், அதை மறைக்கவில்லை.

தெரிந்த விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உள்ளூரில் பாடசாலைக் கட்டணம் இல்லை. அந்நாள் கல்வி அமைச்சர் கன்னங்கரா 1945இல் கொண்டுவந்த இலவசக் கல்வி இன்றைக்கும் கம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், வரைக்கும் போகிறது. லண்டனுக்குத் தவணைக் கட்டணம் தனி, சோதனைக் கட்டணம் தனி. உள்ளூரில் தமிழில் எழுதலாம், லண்டன் முழுக்க இங்கிலீஷ். உள்ளூர்ப் பிள்ளைக்கு ரியூசன் இல்லாமல் முடியாது என்பதும் யாழ்ப்பாணத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் பின்னேரங்களில் தெருவை நிறைக்கும் சைக்கிள்களைப் பார்த்தாலே போதும். ஆகவே "இலவசம்" என்பதைக் கொஞ்சம் குறைத்துத்தான் வாசிக்க வேண்டும்.

சோதனை நடக்கும் விதத்தில்தான் பெரிய வித்தியாசம். உள்ளூரில் இரண்டு வருடத்துக்கு மேல் படித்ததை ஒரே மூச்சில் கொட்ட வேண்டும். பௌதிகவியல் முதலாம் பத்திரத்தில் இரண்டு மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினா, ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடை. இணைந்த கணிதத்தில் தூய கணிதம் ஒரு பத்திரம், பிரயோக கணிதம் ஒரு பத்திரம். லண்டன் ஏ.எல்லில் எடெக்செல் என்ற சோதனைச் சபையினர் பாடங்களை அலகு அலகாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஜனவரி, மே–ஜூன், ஒக்டோபர் என்று வருடத்தில் பல தடவை எழுதலாம். ஓர் அலகு சறுக்கினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். கணிதத்தில் தூய கணித அலகுகளோடு இயந்திரவியல் வேண்டுமா, புள்ளிவிபரவியல் வேண்டுமா என்று தெரிவும் உண்டு. பிள்ளையின் நித்திரையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் லண்டன்தான் வெல்லும். அதில் எனக்கு மறுப்பில்லை. லண்டன் பக்கம் நான் கிட்ட இருந்து பார்த்தது ஒரேயொரு பிள்ளையைத்தான். மச்சாளின் மகன். அவன் எங்கள் மூத்தவளை விட நிம்மதியாகத்தான் படித்தான்.

சரி, பிறகேன் உள்ளூர்? பாதியில் மனமோ நிலைமையோ மாறினால் எந்தப் பக்கம் திரும்பலாம் என்று பார்த்தேன். அந்த ஒன்றுதான் முடிவைத் தீர்மானித்தது.

இலங்கை அரச பல்கலைக்கழகங்களுக்கு இசட் புள்ளியை, அதாவது பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணக்கிடும் புள்ளியை, வைத்துத்தான் எடுக்கிறார்கள். அது உள்ளூர் ஏ.எல் எழுதினவர்களுக்குத்தான் கிடைக்கும். இங்கேயே இருந்து லண்டன் ஏ.எல் எழுதிய பிள்ளை மூன்று ஏ ஸ்டார் எடுத்தாலும், யாழ். மருத்துவ பீடத்துக்கோ கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் பொறியியல் பீடத்துக்கோ வழமையான வழியில் போக முடியாது. மறுபக்கம் பாருங்கள். உள்ளூர் ஏ.எல்லை பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பலவும் ஏற்கின்றன. அவுஸ்திரேலியாவும் கனடாவும் அப்படித்தான். இங்கிலீஷ் தேர்ச்சிக்கு ஐஈஎல்ரிஎஸ் கேட்பார்கள், அவ்வளவுதான். உள்ளூரில் படித்த பிள்ளை வெளியே போகலாம், லண்டன் ஏ.எல் படித்த பிள்ளைக்கு உள்ளே வர வழியில்லை.

வெளிநாடு போகத்தான் போகிறோம் என்றால் இது ஒரு பொருட்டா என்று தங்கச்சி கேட்டாள். 2022ஐ நினைத்துப் பார் என்றேன். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் சொச்சத்தில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. பிரித்தானியப் பவுணும் அதோடு ஏறியது. வெளிநாட்டுப் படிப்புக்கென்று ரூபாயில் சேர்த்து வைத்த வீடுகளில் கணக்கு அப்படியே கவிழ்ந்தது. உள்ளூர் ஏ.எல் எழுதிய பிள்ளை அந்த நேரத்தில் கம்பஸ் விண்ணப்பத்தை நிரப்பலாம், தகுதி இருந்தால் மகாபொல புலமைப்பரிசிலும் கிடைக்கும். லண்டன் எழுதிய பிள்ளைக்கு மிஞ்சுவது காசு கட்டிப் படிக்கும் பட்டங்கள்தான். மச்சாளின் மகன் இப்போது கொழும்பில் அப்படியொன்றைத்தான் படிக்கிறான். நல்லாய்த்தான் படிக்கிறான், ஆனால் மச்சாள் காணி ஒன்றை விற்றுவிட்டாள்.

உள்ளூர் வழி நேரானது என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு.  யாழ்ப்பாணத்தில் வெட்டுப்புள்ளி இறங்குவது எப்படியும் கஷ்டம். பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடிய புள்ளி கேட்ட 1970களின் தரப்படுத்தலைக் கண்ட அப்பா இந்த இடம் வந்தாலே குரலை உயர்த்திவிடுவார். அதற்குத் தனியாக ஒரு பின்னேரம் வேண்டும்.

காலம்தான் இன்னும் மோசம். 2021 ஏ.எல் 2022 பெப்ரவரியில் தொடங்கியது, 2022க்குரியது 2023 ஜனவரியில், 2023க்குரியது 2024 ஜனவரியில். 2024க்குரியது அந்த வருட நவம்பரிலேயே தொடங்கியும், வெள்ளத்தால் இடையில் நிறுத்த வேண்டி வந்தது. றிசல்ட்ஸ் வந்து, வெட்டுப்புள்ளி வந்து, கம்பஸ் வாசலை மிதிக்கும்போது லண்டன் பிள்ளை வேறொரு நாட்டில் இரண்டாம் வருடத்தில் இருக்கும். இந்தக் காத்திருப்புக்கு என்னிடம் சமாதானம் ஒன்றுமில்லை.

தங்கச்சியின் மகள் படிக்கும் ஒன்ராறியோ முறை இந்த இரண்டிலும் சேராது. பன்னிரண்டாம் வகுப்பில் நாடு தழுவிய சோதனையே இல்லை. பாடசாலை ஆசிரியர் போடும் புள்ளியில் சிறந்த ஆறு பாடங்களின் சராசரியைப் பார்த்துத்தான் பல்கலைக்கழகம் எடுக்கிறது. சான்றிதழ் வாங்க 40 மணித்தியாலம் சமூகசேவையும் செய்ய வேண்டும். கேட்க ஆசையாக இருக்கிறது. இங்கே வாத்தியார் போடும் புள்ளியை வைத்து மருத்துவ பீடம் என்றால் வாத்தியார் வீட்டு வாசலில் பெற்றோர் பாய் போட்டுப் படுத்துவிடுவார்கள் என்பது என் அபிப்பிராயம். தமிழ்நாட்டுப் பிளஸ் டூ பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அங்கே பொறியியலுக்கு 200க்குக் கட்-ஆஃப், மருத்துவத்துக்கு நீட். வெளிநாட்டுக் குடிமகனாகப் போகும் இங்கத்தைப் பிள்ளைக்கு ஒதுக்கீடும் வேறு, கட்டணமும் வேறு.

வெளிநாட்டில் கட்டணம் கட்ட உறுதியான ஆள் இருந்து, காசும் வெளிநாட்டுக் கணக்கில் இருந்து, பிள்ளையும் சின்ன வயதிலிருந்தே இங்கிலீஷில் படித்திருந்தால் லண்டனுக்குப் போகட்டும். ஓ.எல் வரை தமிழில் படித்த பிள்ளையைத் திடீரென்று அங்கே தள்ளுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். சின்னவன் தமிழில்தான் படித்தான். ஆகவே அவனுக்கும் உள்ளூர்தான், இந்த முறை பயோ. தங்கச்சி இன்னும் சம்மதிக்கவில்லை. ஐஈஎல்ரிஎஸ் வகுப்புக்குத் தான் காசு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள், அதை நான் மறுக்கவில்லை.