மண்டபம் காற்றில் ஒரு மெக்லாரன்

ஜப்பானிய மாடல் கம்பெனி டமியாவின் 1/20 அளவு மெக்லாரன் எம்.பி.4/4 பிளாஸ்டிக் கார் கிட்டைக் கட்டி முடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. நிஜத்தில், 1988 ஃபார்முலா 1 போட்டியின் 16 பந்தயங்களில் 15ஐ வென்ற கார். சென்னாவும் ப்ரோஸ்ட்டும் ஓட்டியது. பாகங்கள் அவ்வளவு அழகாகப் பொருந்துகின்றன. மெல்லிய பசையைப் பிரஷ் நுனியால் தொட்டு வைத்தால் போதும், அதுவே இடுக்கில் ஓடிப் பிடித்துக்கொள்கிறது.

பெயின்ட்தான் பாடாய்ப் படுத்திவிட்டது. ஐப்பசியில் கொண்டல் காற்று அடிக்கும்போது, ராமேஸ்வரம் பக்கம் எங்கள் ஊர் மண்டபத்தில் வீட்டுச் சுவரே பிசுபிசுக்கும். அன்று போய் ஸ்ப்ரே அடித்தேன். கொஞ்ச நேரத்தில் பளபளப்பு போய், பால் படிந்த மாதிரி ஆகிவிட்டது. பெயின்ட்டில் கலந்திருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சரி என்று எல்லாவற்றையும் உரசி எடுத்துவிட்டு, தை பிறந்த பிறகு, வெயில் ஏறிய பதினொரு மணிக்கு மறுபடி அடித்தேன். இந்தக் காரின் ஒளிரும் சிவப்புக்கு அடியில் வெள்ளை கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் மங்கிவிடும்.

மூடியைக் கழற்றினால் ஹோண்டா வி6 டர்போ எஞ்சின். அதற்கு நானே ஒயர் கொடுத்தேன். மச்சான் வலைக்கு வைத்திருந்த தங்கூசி நரம்பில் ஒரு முழம் வாங்கினேன். கனம் 0.4 மில்லிமீட்டர், நிஜ அளவில் 8 வரும். கறுப்பு மார்க்கர் தேய்த்து ஆறு சிலிண்டருக்கும் ஒவ்வொன்றாக ஒட்டியதும் எஞ்சினுக்கு உயிர் வந்துவிட்டது.

முதல் கிட்டாக இதை வாங்க வேண்டாம். இரண்டு மூன்று சின்ன கார் கட்டிக் கை பழகிய பிறகு தாராளமாக வாங்குங்கள். அப்புறம், கண்ணாடிப் பெட்டிக்கும் சேர்த்துக் காசு ஒதுக்கிவையுங்கள்.