நுவரெலியாவில் ஹெலிகொப்டர் விமானி அறிமுக நாள்: பறக்கலாம், கையெழுத்து வேண்டாம்

உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கும் பிள்ளைகளைக் குறிவைத்து, கொழும்புப் பயிற்சி நிறுவனம் ஒன்று நுவரெலியாவில் ஒரு நாள் நிகழ்ச்சி நடத்துகிறது. காலையில் ஹோட்டல் மண்டபத்தில் வகுப்பு; பிறகு மைதானத்திலிருந்து இருபது நிமிடப் பறப்பு; பிற்பகலில் ‘தொழில் ஆலோசனை’. பறக்கும் பிள்ளைக்கு 48,000 ரூபா. பின்னிருக்கையில் ஒருவர் உடன்வரலாம், அதற்கு 15,000. என் தங்கையின் மகளுடன் பெப்ரவரியில் போய்வந்தேன். டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் டீ மேக்கராக வேலைபார்த்து ஓய்வு பெற்றவன் நான். இயந்திரத்தைப் பற்றி யாராவது கதை அளந்தால் எனக்குப் பொறுக்காது. அந்தக் கோணல் இந்த மதிப்புரையிலும் இருக்கும்.

நிறுவனத்தின் பெயரைக் கேட்காதீர்கள். இதே மாதிரி நாட்களை நடத்துகிறவர்கள் இன்னும் வருவார்கள், எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான்.

பெண்ணுக்கு இந்த ஆசை எப்படி வந்தது என்று கேட்கிறவர்களுக்கு: 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைகளைச் சரித்துப் பாதைகளை அறுத்தபோது, கொத்மலைப் பக்கம் ஆட்களைத் தூக்கி வந்தவை ஹெலிகொப்டர்கள்தான். அதைப் பார்த்த பிள்ளைகள் எத்தனையோ பேர். மற்றவர்கள் மறந்திருப்பார்கள், இவள் மறக்கவில்லை. தங்கைக்கோ இது அறவே பிடிக்கவில்லை. 1974 டிசம்பர் 4ஆம் திகதி ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரோடு அழிந்த விமானத்தின் கதையைக் கேட்டு வளர்ந்தவள் அவள். மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் அந்தக் கதை தெரியாத வீடு கிடையாது. “அது பெரிய ஜெட் விமானம், அம்மா” என்று மகள் சொன்ன சமாதானம் எடுபடவில்லை. கடைசியில், மாமா கூடப் போவதென்றால் போகட்டும் என்று தங்கை இறங்கி வந்தாள்.

வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் நடந்தது. மண்டபத்தில் பாதிக்கு மேல் தமிழ்ப் பிள்ளைகள். தமிழில் ஒரு தாள்கூட இல்லை. ஆங்கிலத் தேர்ச்சி இந்தத் தொழிலுக்குக் கட்டாயம் என்பது உண்மைதான். சர்வதேச அளவுகோலில் நான்காம் நிலையாவது இருந்தால்தான் எல்லை கடந்து பறக்க முடியும். ஆனால் பணம் கட்டப்போகும் தாய் தகப்பனுக்குமா அந்தத் தேர்வு? நுவரெலியா மாவட்டத்துக்கு வந்து இப்படிச் செய்வது வெறும் அலட்சியம். இன்னொன்று: தேயிலைக்குப் பேர் போன ஊரில், ஆறிய வெந்நீரில் தேயிலைப் பையை நனைத்துக் கொடுத்தார்கள். இரண்டுக்கும் சேர்த்தே மதிப்பெண்ணைக் குறைக்கிறேன்.

பறப்பு வேறு சங்கதி. கொடுத்த காசுக்கு அதுவே போதும்.

நின்றது ரொபின்சன் ஆர்44, நான்கு இருக்கை. அதன் தம்பியான இரண்டு இருக்கை ஆர்22இல்தான் உலகெங்கும் பிள்ளைகள் பழகத் தொடங்குகிறார்கள். பயிற்றுநர் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், சிங்களவர், தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவார். முதல் வேலையாக எங்களைத் தராசில் ஏற்றினார். நிறுவனத்தின் அட்டவணைப்படி எங்களோடு இன்னொரு பையனும் ஏற வேண்டும். எடையையும் வெப்பமானியையும் பார்த்துவிட்டு, “இந்தச் சுற்றில் இவர் வேண்டாம், அடுத்ததில் வரட்டும்” என்று பையனை இறக்கிவிட்டார். மேசையில் இருந்தவர்களுக்கு முகம் சுருங்கியது; ஒரு சுற்று கூடினால் செலவும் கூடும் அல்லவா. அவர் அசையவில்லை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவு. இறக்கைத் தகடு தள்ளுவதற்குக் காற்று குறைவு, எஞ்சின் குடிப்பதற்கும் குறைவு. வெயில் ஏற ஏற அது இன்னும் மெலியும். கடலோரத்து ரத்மலானையில் நான்கு பேரோடு சுளுவாக எழும்பும் அதே இயந்திரம் இங்கே திணறும். இதை அவர் வகுப்பில் சொல்லவில்லை, தராசுக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். என் மருமகள் ஒரு வருடமாகப் படித்த பௌதிகவியல் அந்த இடத்தில்தான் அவளுக்கு உறைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்து எனக்கு விருந்து. எஞ்சினைக் கிளப்பினார், ஆனால் மேலே சுழலி அசையவில்லை. பிறகு ஒரு சுவிட்சைத் தட்டினார். கொஞ்சம் கொஞ்சமாகத் தகடுகள் நகரத் தொடங்கின. என்ன நடக்கிறது என்று ஹெட்செட்டில் கேட்டேன். எஞ்சினிலிருந்து சுழலிக்குச் சக்தியைக் கொண்டுபோவது வீ பெல்ட். முதலில் தளர்ந்து கிடக்கும், சின்ன மின்மோட்டார் ஒன்று அதை இழுத்து இறுக்கும், இறுகி முடிந்ததும் விளக்கு அணையும் என்றார். ரோலருக்கும் மின்விசிறிக்கும் பெல்ட் மாற்றியே தலை நரைத்தவன் நான். பெல்ட் எப்போது சத்தம் போடும், எப்போது நாற்றம் வரும், எப்போது அறும் என்பதெல்லாம் தெரியும். அதே பெல்டில் தொங்கிக்கொண்டு மேலே போவதா என்ற எண்ணம் வராமல் இருக்குமா? கேட்டேன். “பெல்ட் போனாலும் எஞ்சின் போனாலும் பதில் ஒன்றுதான்” என்றார். இடையில் ஒருவழி கிளட்ச் ஒன்று இருக்கிறது. எஞ்சின் நின்றால் அது சுழலியை விடுவித்துவிடும். விமானி இடக்கையில் உள்ள நெம்புகோலை உடனே கீழே இறக்க வேண்டும். இயந்திரம் இறங்க இறங்க, கீழிருந்து வரும் காற்றே தகடுகளைச் சுழற்றிக்கொண்டிருக்கும். தரை நெருங்கும்போது மூக்கை உயர்த்தி வேகத்தைக் கொல்லலாம், சுழலியில் மிஞ்சிய விசையைக் கொண்டு மெதுவாக உட்காரலாம். இதற்குத்தான் ஓட்டோரொட்டேஷன் என்று பெயர். சிறிய ஆர்22இல் சுழலி இலேசானது, அதனால் யோசிக்க ஓரிரு நொடிக்கு மேல் கிடையாது. கை தானாக இறங்க வேண்டும், அதற்காகத்தான் திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள். இந்த விளக்கத்தில் ஒரு சொல்கூட மிகையில்லை. இப்படிப் பேசும் ஓர் இயந்திரக்காரரை என் காலத்தில் தொழிற்சாலையில் சந்தித்திருந்தால் பாதித் தொல்லை குறைந்திருக்கும்.

விமானி இருக்கை வலப்பக்கம். மருமகள் அங்கே, அவர் இடப்பக்கம், நான் பின்னால். மைதானத்தின் ஓரத்தில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நிறுத்திவைத்து, ஒவ்வொரு கட்டுப்பாடாக அவளிடம் கொடுத்தார். முதலில் கால் மிதிகள் மட்டும். மூக்கை ஒரு மரத்துக்கு நேரே வைத்திரு என்றார், வைத்தாள். அடுத்து இடக்கை நெம்புகோல். உயரம் கொஞ்சம் ஏறி இறங்கியது, பரவாயில்லை. கடைசியில் வலக்கைக் கோல். கையில் வாங்கிய உடனே இயந்திரம் பந்தயக்குதிரைக் குட்டியாகத் திமிறத் தொடங்கியது. இடம் போனது, திருத்தினாள், அதைவிட அதிகமாக வலம் போனது. அவர் இரண்டு விரலால் பிடித்தார், அப்படியே நின்றது. “கையால் ஓட்டாதே மகள், நினைத்தால் போதும்” என்றார். எல்லோருக்கும் முதல் நாளில் இப்படித்தானாம். பல மணி நேரப் பழக்கத்துக்குப் பிறகுதான் ஒரே இடத்தில் நிறுத்த வருமாம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் கேட்டாள், அவரும் மறுபடியும் கொடுத்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பிறகு கிரகரி வாவியின் மேலாக ஏறி நானுஓயாப் பக்கம் திரும்பினோம். பிதுருதலாகலப் பக்கம் போகவில்லை, அது பாதுகாப்புப் பிரதேசம். மலை விளிம்பைக் கடக்கும்போது காற்று ஒரு தட்டுத் தட்டியது, என் வயிறு வாய்க்கு வந்தது. அப்போது அவர் சொன்னதைத் தங்கையிடம் நான் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். இந்த இரட்டைத் தகட்டுச் சுழலியில், காற்று தூக்கிப்போடும்போது பயந்து கோலை முன்னால் தள்ளக் கூடாது. உடலின் கனமே குறைந்தது போன்ற அந்தக் கணத்தில் சுழலி தன் தண்டிலேயே மோதி உடைய இடமுண்டு. வேகத்தைக் குறைத்து, கையைத் தளர்த்தி, காற்றோடு இழைய வேண்டும். நானுஓயாப் பள்ளத்தில் பஞ்சு போல ஏதோ எழும்புவதை நான் அழகென்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கண்டதும் எதுவும் பேசாமல் திருப்பிவிட்டார். மூடுபனிக்குள் போய் மலையைத் தேடுகிறவர் நல்ல விமானி அல்லர். தங்கையிடம் இதை மட்டும் சொன்னேன், கொஞ்சம் தேறினாள்.

இனி பிற்பகல் ‘தொழில் ஆலோசனை’. கோட் அணிந்த ஓர் இளைஞர், பளபளக்கும் தாள்கள், ஒரு படிவம். இன்றே கையெழுத்திட்டால் பத்து வீதம் கழிவு. முற்பணம் 250,000 ரூபா, திருப்பித் தரப்படமாட்டாது. வெளிநாட்டில் பயிற்சி, 150 மணி நேரம், வணிக விமானி உரிமம், ‘வேலைவாய்ப்பு உதவி’. அது என்ன உதவி என்று கேட்டேன். சுயவிபரக் கோவையை நிறுவனங்களுக்கு அனுப்பிவைப்பார்களாம். அதற்குத் தபால் கந்தோர் போதுமே.

எண்ணிக்கையில் அவர் பொய் சொல்லவில்லை. சர்வதேச விதிப்படி தனியார் ஹெலிகொப்டர் உரிமத்துக்கு வயது 17, பறப்பு 40 மணி நேரம். வணிக உரிமத்துக்கு வயது 18, 150 மணி நேரம்; அங்கீகரிக்கப்பட்ட ஒருங்கிணைந்த பயிற்சியானால் 100. அவர் சொல்லாமல் விட்டது அடுத்த படியை. 150 மணி நேரக்காரரை நம்பிப் பயணிகளை ஏற்றும் நிறுவனத்தைக் காண்பது அரிது, காப்புறுதிக்காரரும் விடமாட்டார். ஆயிரம் மணி நேரமாவது வேண்டும் என்று கேட்பதே வழக்கம். அமெரிக்காவில் புதிய விமானிகள் பயிற்றுநராகிச் சம்பளத்துக்குப் பறந்து அந்த இடைவெளியை நிரப்புகிறார்கள். இலங்கையில் தனியார் ஹெலிகொப்டர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை, பயிற்றுநர் வேலை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? “150க்கும் 1,000க்கும் இடையில் உள்ள மணி நேரத்துக்கு யார் பணம் தருவார்கள்?” என்று மருமகள்தான் கேட்டாள். இளைஞர் தாளைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய தாளிலேயே ஆர்22க்கு மணிக்கு 350 டொலர். 150ஆல் பெருக்கினால் 52,500 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் ஒரு கோடியே ஐம்பத்தேழரை இலட்சம். தங்குமிடம், சாப்பாடு, வீசா தனி. ஒப்பந்தம் டொலரில். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டியதை இந்த நாட்டில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. வங்கிக் கடன் எடுக்கலாமே என்றார் இளைஞர். அடகு வைக்கக் காணி உறுதி வேண்டும். லயத்தில் பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் உறுதி இருக்கிறது? தோட்டத்தில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவைத் தொட்டதே 2021இல்தான். இதெல்லாம் தெரியாமல் மலையகத்துக்கு வந்து படிவம் நீட்டுகிறவர்மீது எனக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்புத்தான்.

அன்றைய உண்மையான தொழில் ஆலோசனை மண்டபத்துக்கு வெளியே, அந்த ஆறிய தேநீரோடு கிடைத்தது. பயிற்றுநர் தானாகவே வந்து மருமகளிடம் பேசினார். உயர்தரத்தை நன்றாக முடி. விமானப்படை பயிலிளவல் அதிகாரிகளுக்கான விளம்பரம் வரும்போது விண்ணப்பி. தேர்வானால் பயிற்சிக்கு நீ பணம் கட்டுவதில்லை, அவர்கள் உனக்குச் சம்பளம் தருவார்கள். ஹெலிகொப்டருக்குத் தெரிவானவர்கள் ஹிங்குராக்கொடையில் உள்ள ஏழாம் இலக்கப் படையணியில் பெல் 206இல் பழகுகிறார்கள். 2020இலிருந்து பெண்களும் விமானப்படையில் விமானிகளாக வெளிவருகிறார்கள். பதிலுக்கு ஆண்டுக்கணக்கில் சேவை செய்ய வேண்டும், போகச் சொல்லும் இடத்துக்குப் போக வேண்டும். மலையகத் தமிழ்ப் பிள்ளைக்கு அது இலேசான முடிவு இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது, மறைக்கவில்லை. எந்த வழியானாலும் காசு செலவழிப்பதற்கு முன்னால் முதலாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடு என்றார். கண்ணாடி அணிவது தடையில்லை, நிறங்களைப் பிரித்தறியும் பார்வை குறைந்தால் அங்கேயே கதை முடிந்துவிடும். சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபை அங்கீகரித்த மருத்துவரிடம்தான் செய்ய வேண்டும், ஊர் டிஸ்பென்சரிச் சான்றிதழ் செல்லாது. “நன்றி சேர்” என்று சொல்லிவிட்டு அவள் எல்லாவற்றையும் கொப்பியில் குறித்துக்கொண்டாள். பளபளக்கும் தாளில் இதில் ஒரு வரியும் இல்லை.

ஆக, பறப்புக்கும் பயிற்றுநருக்கும் பத்துக்கு ஒன்பது. வகுப்புக்கு நான்கு. ஆலோசனை மேசைக்கு ஒன்று, அதுவும் நாற்காலி வசதியாக இருந்ததால். தங்கை வீட்டுத் தொலைபேசிக்கு அந்த இளைஞர் இன்னும் அழைத்துக்கொண்டிருக்கிறார். கழிவு பதினைந்து வீதமாகியிருக்கிறதாம். மருமகளின் கண் பரிசோதனைக்கு அடுத்த விடுமுறையில் கொழும்புக்குப் போகிறோம்.

போக நினைப்பவர்களுக்கு: காலை முதல் சுற்றைக் கேளுங்கள், பத்து மணிக்குப் பிறகு மேகம் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. மூடுபனியால் பறப்பு நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு திகதியா என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். எங்களுக்குப் பின் காத்திருந்த ஒரு குடும்பம் வாய்ப்பேச்சை நம்பி வந்திருந்தது, பன்னிரண்டு மணிக்கு அவர்களுக்கு வேறு திகதிதான் கிடைத்தது. ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் தலவாக்கலையில் காலை உணவை இலேசாக முடித்துக்கொள்ளுங்கள். பராட்டா வேண்டாம்.