பவுண்டேஷன் இயர்: பிரிட்டனுக்குப் போய்ப் படிப்பதா, காரைக்குடியில் இருந்தே படிப்பதா?

பிளஸ் டூவில் கணிதம் எடுக்காத பிள்ளைக்கும், எடுத்தும் மதிப்பெண் குறைந்துவிட்ட பிள்ளைக்கும் கம்ப்யூட்டர் பட்டம் என்றதும் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் இப்போது இரண்டு பேச்சுகள் அடிபடுகின்றன. ஒன்று, பிரிட்டனில் பவுண்டேஷன் இயரோடு சேர்ந்த 4 ஆண்டுக் கம்ப்யூட்டிங் பட்டம். இன்னொன்று, சென்னை ஐஐடி ஆன்லைனில் நடத்தும் டேட்டா சயின்ஸ் பிஎஸ் பட்டம். அதற்கும் முதல் படி பவுண்டேஷன் லெவல்தான். எங்கள் வீட்டில் முடிவானது இரண்டாவது வழி, அதுவும் உள்ளூர்க் கல்லூரிப் பட்டம் ஒன்றோடு சேர்த்து. எழுதுவதில் அந்தச் சாய்வு இருக்கும், மறைக்கவில்லை.

கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் படித்து நல்ல கட்-ஆஃப் வைத்திருப்பவர்களுக்கு இந்த அலசலே தேவையில்லை. 1952 முதல் நம்மூரிலேயே அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. கவுன்சிலிங்கில் நேராக பிஇ எடுக்கலாம். குளிர், சாப்பாடு, பவுண்டு விலை ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றையும் விட்டுவிடுவோம்.

பிரிட்டனில் பவுண்டேஷன் இயர் என்பது பட்டத்துக்கு முன்னால் ஒட்டவைத்த ஓர் ஆண்டு, 120 கிரெடிட் (பாடச் சுமையை அளக்கும் அலகு). இயற்கணிதம், சார்புகள், கொஞ்சம் நுண்கணிதம், தர்க்கம், தொடக்கநிலை புரோகிராமிங் (பெரும்பாலும் பைத்தான்), கட்டுரை எழுதும் பயிற்சி, ஒரு சிறு புராஜெக்ட் என்று போகும். பட்டத்தில் முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பா என்ற கணக்கில் இந்த ஆண்டின் மதிப்பெண் சேராது; தேறினால் போதும். கணிதத்தில் பிளஸ் டூ மதிப்பெண் நன்றாக இருந்தால் அங்கே பல பல்கலைக்கழகங்கள் நேரடியாக முதல் ஆண்டிலேயே சேர்த்துக்கொள்ளும். அப்படிப்பட்ட பிள்ளைக்கும் ஏஜென்ட் பவுண்டேஷன் இயரை நீட்டினால், முதலில் நேரடிச் சேர்க்கைக்கு நாலைந்து இடங்களில் விண்ணப்பித்துப் பார்த்துவிட வேண்டும். வேண்டாத ஓர் ஆண்டுக்குப் பணம் கட்டுவதுபோல வீண் வேறில்லை.

சென்னை ஐஐடியின் பவுண்டேஷன் லெவல் 8 பாடம், 32 கிரெடிட்: கணிதம் 1, 2, புள்ளியியல் 1, 2, கம்ப்யூடேஷனல் திங்கிங் (கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி படிப்படியாக யோசிக்கும் முறை), பைத்தான், ஆங்கிலம் 1, 2. ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதத் தகுதி பெறாதவர்கள் 4 வாரப் பாடம் படித்து, அசைன்மென்ட் முடித்து, குவாலிஃபையர் என்ற தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும்; பிளஸ் டூவில் எந்தக் குரூப்பும் தடையில்லை. பாடம் ஆன்லைனில் என்றாலும் ஒவ்வொரு டெர்மிலும் (4 மாதப் பருவம்) இரண்டு குவிஸும் எண்ட்-டெர்ம் என்ற பருவ இறுதித் தேர்வும் மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டியவை. காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். காலைத் தேர்வு என்றால் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தேவகோட்டைக்கு அப்பால் இருப்பவர்கள் முந்தின இரவே போய்த் தங்குவது நல்லது.

இனி, முடிவைத் தீர்மானித்த விஷயம். பவுண்டேஷனில் ஒரு அரியர் விழுந்தால் என்ன ஆகும், எவ்வளவு செலவாகும்? சேரும்போது கட்டும் பணத்தை எல்லோரும் விசாரிக்கிறார்கள். இதை விசாரிப்பவர் குறைவு. கணிதத்தில் பலவீனம் என்றுதானே பவுண்டேஷனுக்கே போகிறோம்? அப்படியானால் அந்தக் கணிதத்தில் ஒருமுறை சறுக்குவது நடக்கக்கூடியதுதான். அதையும் ஐந்தொகையில் எழுதித்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் பொதுவாகத் தேர்ச்சி 40 மதிப்பெண். தவறினால் கோடையில் மறுதேர்வு; அதில் எவ்வளவு எடுத்தாலும் 40தான் பதிவாகும். அதிலும் போனால் செப்டம்பரில் முதல் ஆண்டு தொடங்க முடியாது. பெரும்பாலான இடங்களில் 120 கிரெடிட்டும் முடித்தால்தான் மேலே விடுவார்கள். போன ஒரு பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்க மாணவர் விசா பொதுவாக இடம் தராது. ஊருக்குத் திரும்பி வந்து மறுதேர்வுக்குக் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஆண்டு முழுவதையும் மறுபடி படிக்க வேண்டும். மறுபடி படித்தால் படிப்புக் காலம் நீள்கிறது. சிஏஎஸ் என்ற சேர்க்கை உறுதி எண்ணைப் புதிதாக வாங்கி விசாவையும் நீட்ட வேண்டிவரும். வாழ்க்கைச் செலவுக்கு லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு என்று 9 மாதத்துக்கு 10,539 பவுண்டு விசாக் கணக்கில் வைக்கிறார்கள் (2025 நவம்பர் முதல் இந்த விகிதம்). முதல் விசாவுக்கு இந்தப் பணம் வங்கியில் 28 நாள் கலையாமல் இருக்க வேண்டும். விசாவோடு கட்டும் மருத்துவக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு, முழுக் காலத்துக்கும் முன்கூட்டியே. 4 ஆண்டுக்கு 3,104 பவுண்டுக்குக் குறையாது. ஆக ஒரு கணிதப் பாடம் போனதற்கு விலை, ஓர் ஆண்டின் கட்டணமும் ஓர் ஆண்டின் சோறும் வாடகையும்.

பல்கலைக்கழகமே நடத்தும் பவுண்டேஷனாக இல்லாமல் தனிக் கல்லூரி நடத்தும் பவுண்டேஷன் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே மேலே போவதற்குக் கேட்கும் மதிப்பெண் 40ஐ விடக் கூடுதலாக இருக்கலாம். பட்டப் படிப்புக்குத் தனி சிஏஎஸ், தனி விசா என்றும் ஆகலாம்.

சென்னை ஐஐடி பக்கம் பார்த்தால், பாடத்துக்கு 4,000 ரூபாய் என்ற அளவில் கட்டணம், 8 பாடத்துக்கு 32,000. கட்டும் முன் அன்றைய விகிதத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வருமானத்தையும் பிரிவையும் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. புள்ளியியல் 2 போனால் அதை மட்டும் அடுத்த டெர்மில் திரும்ப எடுக்கலாம். ஆண்டுக்கு 3 டெர்ம். இழப்பு 4 மாதமும், ஒரு பாடத்தின் கட்டணமும், மதுரைக்கு மூன்று முறை பஸ் செலவும். பர்மாவிலும் மலாயாவிலும் லேவாதேவிக் கடை நடந்த நாளில் இங்கிருந்து போன பையன் பெட்டியடிப் பையனாக (கடைநிலை உதவியாளாக) இருந்து, அடுத்தாளாகி, அதன் பிறகே கடைப் பொறுப்பை ஏற்கும் மேலாள் ஆனான். கற்றுக்கொள்ளும் காலத்துத் தவறு கடையைக் கவிழ்க்காதபடி ஏற்பாடு இருந்தது. பவுண்டேஷன் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சறுக்கும் இடங்களும் தெரிந்தவைதான். கணிதம் 1 சார்பு, நேர்கோடு, இருபடி, மடக்கை, ஒரு மாறி நுண்கணிதம், கிராஃப் என்று போகும். காமர்ஸ் பிள்ளைகளும் சமாளித்துவிடுவார்கள். கணிதம் 2இல் நேரியல் இயற்கணிதமும் பல மாறி நுண்கணிதமும் வரும். அதே சமயம் புள்ளியியல் 2இல் தொடர்நிலைப் பரவல்களுக்குத் தொகையிடல் தேவைப்படும். தொகையிடல் தெரியாமல் அங்கே போனால் இரண்டும் சேர்ந்து விழும். இன்னொரு தவறு, வார அசைன்மென்ட்டை அலட்சியம் செய்வது. சராசரி 40 இல்லையென்றால் எண்ட்-டெர்ம் எழுதவே விடமாட்டார்கள். பைத்தானில் வீட்டிலிருந்தே கேமரா முன் எழுதும் புரோகிராமிங் தேர்வும் உண்டு. கரண்ட் போகும் ஊர்களில் லேப்டாப் பேட்டரியையும் மாற்று நெட்டையும் முன்பே சரிபார்த்து வைக்க வேண்டும்.

உள்ளூர்க் கல்லூரியில் பிசிஏ அல்லது பிஎஸ்சியை ஏன் கூடவே வைக்கச் சொல்கிறேன் என்றால், ஆன்லைன் படிப்பில் பிள்ளையைக் காலையில் எழுப்பிவிட ஆள் இல்லை. கல்லூரி ஓர் ஒழுங்கைத் தரும். ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022 முதல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி இருக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். சிக்கல் ஒன்றுதான்: நவம்பர், ஏப்ரல் செமஸ்டர் தேர்வுகள் ஐஐடி தேர்வுகளோடு முட்டும். அதனால் செப்டம்பர் டெர்மில் கணிதம் 1, கம்ப்யூடேஷனல் திங்கிங். ஜனவரியில் புள்ளியியல் 1, பைத்தான். செமஸ்டர் தேர்வு இல்லாத மே டெர்மில் கணிதம் 2, புள்ளியியல் 2, ஆங்கிலம் 1. அடுத்த செப்டம்பரில் ஆங்கிலம் 2. அவசரப்பட்டு முதல் டெர்மிலேயே 4 பாடம் எடுத்தால் நவம்பரில் இரண்டு பக்கமும் கெடும்.

பிரிட்டன் வழிக்கும் நியாயம் உண்டு. நேரில் லேப், ஆசிரியர், இடையில் ஓர் ஆண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கும் வாய்ப்பு ஆகியவை ஆன்லைனில் கிடைக்காது. படிப்பு முடிந்து வேலை தேடத் தரும் விசா மட்டும் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு 2 ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. நாலு ஆண்டு கழித்து அங்கே வேலைச் சந்தை எப்படி இருக்கும் என்று இப்போதே உறுதி சொல்பவரை நம்ப வேண்டாம்.

அந்த வழிதான் என்று முடிவானால், பணம் கட்டும் முன் நாலு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். முதல் ஆண்டுக்குப் போகக் குறைந்தபட்ச மதிப்பெண் எத்தனை, கணிதத்துக்குத் தனி வரம்பு உண்டா? மறுதேர்வு எத்தனை முறை, அதை இந்தியாவிலிருந்து எழுதலாமா? ஆண்டைத் திரும்பப் படித்தால் முழுக் கட்டணமா, பாடத்துக்கு மட்டுமா? 4 ஆண்டுக்கும் சிஏஎஸ் ஒன்றா, இரண்டா?

எந்த வழியானாலும் சேரும் முன் இரண்டு மாதம் கையில் இருக்கும். தமிழ்நாட்டுப் பாடநூல் 11ஆம் வகுப்பு வணிகக் கணிதத்தில் அணிகள், பகுமுறை வடிவியல், வகை நுண்கணிதம், நிகழ்தகவு ஆகிய அதிகாரங்களைக் கணக்குப் போட்டுப் பார்த்து முடிக்கட்டும். தொகையிடலுக்கு 12ஆம் வகுப்பு வணிகக் கணிதத்தின் முதல் தொகுதியைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.