திமிங்கிலமா, யூனிகோர்னா, கீழடியா? பத்து வயதுப் பிள்ளைக்கு ஏற்ற சாகச நாவல்கள்

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதனை முடிந்த அடுத்த சனிக்கிழமை, யாழ்ப்பாணத்தில் உள்ள எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலைக்கு ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். ஒரு வருடமாகக் கடந்தகால வினாத்தாள்களைத் தவிர வேறெதையும் கையில் எடுக்காத பிள்ளைகள். ஒருத்தி நேரே என்னிடம் வந்து, "ரீச்சர், டிராகன் வாற கதை இருக்கோ?" என்று கேட்டாள். அலமாரியில் இருந்தவை பஞ்சதந்திரக் கதைகள், நீதிக் கதைகள், அட்டை கிழிந்த பொது அறிவுப் புத்தகங்கள். அவள் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் சிறுவர் அலமாரிக்கென்று கொஞ்சக் காசு அனுப்பினார். 2022இல் ரூபாய் சரிந்த பிறகு இங்கிலாந்தில் அச்சான ஒரு நாவலை வாங்கும் காசுக்குத் தமிழ்நாட்டில் அச்சான சிறுவர் நாவல்கள் மூன்று நான்கு வாங்கலாம். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கி, பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசித்து, எது நிற்கிறது எது விழுகிறது என்று பார்த்தேன். எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்கு, அதிலும் தமிழ் நன்றாக ஓடும், ஆங்கிலம் தட்டுத் தடுமாறி ஓடும் எங்கள் பிள்ளைகளுக்கு எது பொருந்தும் என்பதே என் கேள்வி.

ஆங்கிலப் புத்தகத்துக்கு ஒரு எளிய வழி வைத்திருக்கிறேன். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையை வாசிக்கச் சொல்வேன். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகத்துக்கு இன்னும் காலம் இருக்கிறது. இரண்டு மூன்று மடங்கினால் அதுதான் சரியான புத்தகம். வெளிநாட்டு நூலகர்கள் பலகாலமாகச் சொல்லும் முறை இது. இங்கேயும் நன்றாகவே வேலை செய்கிறது, ஒரு இடத்தைத் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நிஸ்ரானா பரூக். கொழும்பில் பிறந்து வளர்ந்து இங்கிலாந்தில் இருந்து எழுதுபவர். அவருடைய நாவல்கள் நடப்பது செரண்டிப் என்ற நாட்டில். அது நம்முடைய தீவின் கற்பனை வடிவம். 2020இல் வந்த 'த கேர்ள் ஹூ ஸ்டோல் அன் எலிஃபன்ட்' நாவலில் சாயா என்ற சிறுமி அரசியின் நகைகளைத் திருடுகிறாள். அகப்பட்டது அவளுடைய நண்பன் நீல். அவனைக் காப்பாற்ற அவள் அரசனின் யானை ஆனந்தாவின் மேல் ஏறிக் காட்டுக்குள் ஓடுகிறாள். 2021இல் வந்த 'த போய் ஹூ மெட் எ வேல்' திமிங்கிலத்தைச் சந்தித்த சிறுவனின் கடலோரக் கதை. மீனவச் சிறுவன் ராசி கடற்கரையில் ஆமைக் குஞ்சுகள் பொரிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு படகு மிதந்து வருகிறது. அதன் விளிம்புக்கு வெளியே ஒரு சின்னக் கை அசைவில்லாமல் தொங்குகிறது. உள்ளே இருப்பவன் ஷெங் என்ற சிறுவன். புதையலைத் தேடித் துரத்திக்கொண்டு வருபவர்கள் ராசியையும் அவனுடைய சகோதரி ஷிபாவையும் சேர்த்தே துரத்தத் தொடங்குகிறார்கள்.

இரண்டில் எது என்று கேட்டால், வேகத்தில் யானைக் கதைதான் ஒரு படி மேல். முதல் அத்தியாயத்திலேயே திருட்டு நடந்துவிடுகிறது. சாயா செய்தது சரியா பிழையா என்று பிள்ளைகள் அரை மணி நேரம் சண்டை பிடித்தார்கள். இன்னொருவருக்கு உதவத்தான் திருடினாள், ஆனால் தண்டனை வந்தது வேறொருவனுக்கு என்ற இடம் அவர்களை விடவே இல்லை. இருந்தும் எங்கள் அலமாரிக்கு நான் முதலில் எடுத்தது திமிங்கிலக் கதையை. அந்தத் தொங்கும் கையைப் பற்றிய பக்கத்தை ஒரு பொடியன் உரக்க வாசித்தான். கடற்றொழில் வீட்டுப் பிள்ளை. வழக்கமாக ஆங்கிலம் என்றால் கடைசி வாங்குக்குப் போய்விடுபவன். பாதியில் நிறுத்தி, "முதல்ல படகை இழுத்துக் கட்டவேணும் ரீச்சர், இல்லாட்டி நீர் திரும்பக் கொண்டுபோயிடும்" என்றான். அவனுக்கு இரண்டு விரல்தான் மடங்கியிருந்தது. சொல் தெரியாத இடத்தைக் கடல் தெரிந்ததால் தாண்டிவிட்டான். நம்முடைய கடல் ஆழம் குறைந்தது, நீலத் திமிங்கிலத்தைப் பார்க்க மிரிஸ்ஸப் பக்கம் போக வேண்டும் என்பது வேறு விஷயம். அத்தியாயங்கள் சிறியவை, வாக்கியங்கள் குறுகியவை. முதன்முதலாக ஒரு முழு ஆங்கில நாவலை முடிக்கப் போகும் பிள்ளைக்கு இதைவிட நல்லதொன்றை நான் காணவில்லை. ஒரு குறை: மாயாஜாலம் எதிர்பார்க்கும் பிள்ளைக்கு இந்த இரண்டிலும் மாயம் கிடையாது. இவை முழுக்கச் சாகசக் கதைகள்.

மாயம் வேண்டும் என்றால் எல்லோரும் எனக்குச் சொன்ன பெயர் ரொஷானி சொக்ஷி எழுதிய 'ஆரு ஷா அண்ட் தி எண்ட் ஒஃப் டைம்'. 2018இல் வந்தது, ஐந்து புத்தகங்கள் கொண்ட தொடரின் முதலாவது. பாரதக் கதை, பாண்டவர்கள், இந்திரன், நம்முடைய பிள்ளைகளுக்கு இது கரும்பாக இருக்கும் என்று நானும் நம்பினேன். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் அருங்காட்சியகம் ஒன்றில் தாயோடு வாழும் பன்னிரண்டு வயது ஆரு, பள்ளித் தோழர்களின் சவாலுக்காக ஒரு சபிக்கப்பட்ட விளக்கை ஏற்றிவிடுகிறாள். காலம் உறைந்துபோகிறது. பாண்டவர்களின் ஆன்மா இந்தப் பிறவியில் பெண் பிள்ளைகளாக வந்திருக்கிறது. நினைத்துப் பார்க்கவே அருமையான கற்பனை.

நான் மேலே சொன்ன அந்த ஒரு இடம் இதுதான். விரல்கள் மடங்கவில்லை, ஆனால் பிள்ளைகளுக்குச் சிரிப்பும் வரவில்லை. இந்தப் புத்தகம் ஓடுவதே பகிடியில். அந்தப் பகிடிகள் அமெரிக்கப் பிள்ளைகள் பார்க்கும் படங்களையும் அவர்கள் போகும் கடைகளையும் தெரிந்தவர்களுக்கானவை. தேவர்களின் இரவுச் சந்தை, கொஸ்ட்கோ என்ற பெரிய அமெரிக்கக் கடையாகக் கண்ணுக்குத் தெரிகிறது என்று ஒரு இடம் வருகிறது. அந்தக் கடைக்குத் தகப்பனோடு சனிக்கிழமை போய் வந்த பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். எங்கள் பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் விளக்கினேன். விளக்கிய பிறகு பகிடிக்கு உயிர் ஏது? கதையில் வரும் கடவுளரின் பெயர்களைத் தெரிந்த பிள்ளைகளே அந்தக் கதையில் அந்நியராக நின்றார்கள் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கனடாவிலோ லண்டனிலோ வளரும் நம்முடைய பிள்ளைகளுக்கு இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். நான்காவது புத்தகமான 'சிற்றி ஒஃப் கோல்ட்' குபேரனின் இலங்கைக்கே வருகிறது. விடுமுறைக்கு ஊருக்கு வந்த ஒரு மருமகள் அதை விறாந்தைத் தூணில் சாய்ந்து இரண்டு நாளில் முடித்தாள், சாப்பிடக் கூப்பிட்டாலும் எழும்பவில்லை.

அடுத்து, ஒன்றுக்கொன்று நேர்ப் போட்டியான இரண்டு. ஏ.எஃப். ஸ்டெட்மன் எழுதிய 'ஸ்கண்டார் அண்ட் த யூனிகோர்ன் தீஃப்', 2022. கதரின் ரண்டெல் எழுதிய 'இம்பொசிபிள் கிரீச்சர்ஸ்', 2023. இரண்டும் பிரித்தானியப் புத்தகங்கள், இரண்டிலும் இந்த உலகத்துக்குப் பக்கத்திலேயே மறைந்திருக்கும் தீவுகள்.

ஸ்கண்டார் என்ற சிறுவனின் கதையில் வரும் யூனிகோர்ன்கள் என்ற ஒற்றைக்கொம்புக் குதிரைகள் வானவில் வால் வைத்த பொம்மைக் குதிரைகள் இல்லை. இரத்தவெறி பிடித்தவை. பதின்மூன்று வயதில் பிள்ளைகள் ஒரு பரீட்சை எழுத வேண்டும். அதில் தேறினால்தான் தீவுக்குப் போய் முட்டையிலிருந்து வரும் யூனிகோர்னுக்கு உரிய சவாரிக்காரராகும் வாய்ப்பு. ஸ்கண்டாரின் அக்கா கென்னா முதல் வருடம் எழுதித் தேறவில்லை. ஸ்கண்டாரைப் பரீட்சையே எழுத விடாமல் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். இந்த இடத்தை வாசிக்கும்போது அறை அமைதியாகிவிட்டது. புலமைப்பரிசில் சோதனையில் தேறுவதற்கான வெட்டுப்புள்ளி வரவில்லை என்று பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் பேசும் வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் அவர்கள். ஒருத்தி, "கென்னாக்கு என்ன நடக்கும்?" என்று மட்டும் கேட்டாள். ஸ்கண்டாரைப் பற்றிக் கேட்கவில்லை. நான் வாசித்த புதிய நாவல்களில் தேறாத பிள்ளையின் மனத்தை இவ்வளவு கவனமாகத் தொடுவது வேறில்லை. தீ, நீர், நிலம், காற்று, இவற்றோடு தடைசெய்யப்பட்ட ஐந்தாவதாக ஆன்மா என்று பூதங்களைப் பிரித்திருப்பதும் பிள்ளைகளுக்கு உடனே பிடித்துப்போனது. எங்கள் ஐம்பூதத்தில் ஐந்தாவது ஆகாயம் என்று திருத்தினார்கள். ஆனால் சண்டைகளும் இரத்தமும் கொஞ்சம் அதிகம், புத்தகமும் தடிப்பு. பதினொரு வயதுக்குக் கீழே நான் கொடுக்க மாட்டேன்.

ரண்டெலின் புத்தகத்தில் கிறிஸ்டோபர் என்ற பையன் ஸ்கொட்லாந்தில் தாத்தாவின் வீட்டுக்குப் போகிறான். அங்கே தண்ணீரில் தத்தளிக்கும் கிரிஃபின் என்ற புராண விலங்கின் குட்டி ஒன்றைக் காப்பாற்றுகிறான். மல் என்ற சிறுமி அதைத் தேடி வருகிறாள். காற்றடித்தால் அவளைத் தூக்கிப் பறக்கும் ஒரு மேலங்கி அவளிடம் இருக்கிறது. அவளுடைய தீவுக்கூட்டத்தில் புராண விலங்குகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன, ஆனால் ஏதோ காரணத்தால் அவை செத்துக்கொண்டு வருகின்றன.

மொழி என்று பார்த்தால் நான் சொன்னவற்றில் இதுதான் கடினம். சில பக்கங்களில் ஐந்து விரலும் மடங்கியது. ஆனாலும் பிள்ளைகள் விடவில்லை. காரணம், விலங்குகளின் பெயரையும் இயல்பையும் படத்தோடு சொல்லும் ஒரு பகுதி புத்தகத்தில் இருக்கிறது. கழுகுத் தலையும் சிங்க உடலுமான கிரிஃபினைப் பார்த்தவுடன் ஒரு பிள்ளை, "இது எங்கட கோயில் யாளி மாதிரி" என்றாள். யாளிக்குத் தும்பிக்கை உண்டு, இதற்கு அலகு என்று இன்னொருவன் சொன்னான். பிறகு இருவரும் கொப்பியின் பின்பக்கத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கீறினார்கள். அடுத்த சனிக்கிழமை மகரத்தையும் அன்னத்தையும் சேர்த்து, அவர்களே ஒரு பட்டியல் செய்துகொண்டு வந்தார்கள். முற்றிலும் வேறு மண்ணில் பிறந்த கதை இப்படி ஒட்டிக்கொண்டதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரண்டெல் எதையும் உனக்கு ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுவதில்லை. எல்லாப் பிள்ளைக்கும் அந்தத் தீவு புதிது, ஆகவே எங்கள் பிள்ளைக்கும் பின்வரிசை இல்லை. முடிவு அழவைக்கும் என்பதைப் பெற்றோர் தெரிந்துவைத்திருப்பது நல்லது. மென்மையான மனமுள்ள பிள்ளை என்றால் கடைசி அத்தியாயங்களைச் சேர்ந்து வாசியுங்கள்.

ஸ்கண்டாரா இம்பொசிபிள் கிரீச்சர்ஸா என்றால், தனியாக வாசிக்கும் பிள்ளைக்கு ஸ்கண்டார், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து வாசிக்கக்கூடிய வீட்டுக்கு இம்பொசிபிள் கிரீச்சர்ஸ். ஒன்றுதான் வாங்கலாம் என்றால் நான் இரண்டாவதையே எடுப்பேன்.

இனித் தமிழ். உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023இல் இந்தியாவின் சாகித்திய அகாதெமி சிறுவர் இலக்கியத்துக்குத் தரும் பால சாகித்திய புரஸ்கார் விருதைப் பெற்ற நாவல். இன்றைய சிறுவன் ஒருவன், மதுரைக்கு அருகே அகழாய்வு நடந்த கீழடியிலிருந்து பழங்காலத்துக்குள் போய் ஆதன் என்ற சிறுவனைச் சந்திக்கும் கதை. கீழடிப் பானை ஓடுகளில் ஆதன் என்ற பெயர் கீறப்பட்டிருந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது கதையும் உண்மையும் கைகோத்துக்கொண்டன. மெல்லிய புத்தகம், ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும். சில இடங்களில் பாடம் சொல்லும் குரல் எட்டிப் பார்க்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் இந்தப் பட்டியலில் வாசித்து முடித்ததும் பிள்ளைகளை வெளியே நடக்கவைத்த ஒரே நாவல் இதுதான். "எங்கட ஊரில இப்பிடிக் கிண்டினவையோ?" என்று கேட்டார்கள். ஆனைக்கோட்டையில் 1980 அளவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் எழுத்துப் பொறித்த முத்திரையை எடுத்ததைச் சொன்னேன். கந்தரோடைக்கு ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனேன். பனைகளுக்கு நடுவே குடை கவிழ்த்தது போல் வட்ட வட்டமாக நிற்கும் அந்தச் சிறு தூபிகளுக்கிடையில், ஆதன் எந்தப் பக்கத்தால் வருவான் என்று ஒரு பொடியன் தேடிக்கொண்டிருந்தான்.

விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' 2025இல் அதே விருதைப் பெற்றது. மாயம் கலந்த தமிழ் நாவல் வேண்டும் என்றால் அதுவே முதல் தெரிவு, ஒன்பது வயதுக்கும் கொடுக்கலாம். ஜெயமோகனின் 'பனிமனிதன்' புதியதல்ல, ஆனால் இமயமலையில் பனிமனிதனைத் தேடிப் போகும் அந்தப் பயணத்துக்கு இணையான நீண்ட சாகசம் சிறுவர் தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை. பன்னிரண்டு வயதுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் யன்னல் ஜன்னலாகவும் பேனை பேனாவாகவும் இருக்கும் என்று கவலைப்படும் பெற்றோருக்கு ஒன்று: பிள்ளைகள் அதை ரிவியில் கேட்டே பழகிவிட்டார்கள், தடுக்குவதில்லை. ஆனால் எங்கள் பேச்சில், எங்கள் பனங்கூடலுக்குள் நடக்கும் ஒரு புதிய மாயக் கதைக்கு அந்த அலமாரியில் நான் ஒரு இடம் விட்டு வைத்திருக்கிறேன். எழுதக்கூடியவர்கள் இதை வாசித்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

இப்போதைக்கு வாங்கியது: திமிங்கிலக் கதை இரண்டு பிரதி, யானைக் கதை ஒன்று, இம்பொசிபிள் கிரீச்சர்ஸ் ஒன்று, மூன்று தமிழ் நாவல்களிலும் இரண்டிரண்டு பிரதி. ஸ்கண்டார் அடுத்த முறைக்கு.

டிராகன் கேட்ட பிள்ளையின் கையில் இப்போது ரண்டெல் இருக்கிறது. அதில் வரும் ஜாக் என்ற டிராகன் கைக்குள் அடங்கும் அளவுதான். முதலில் முகம் சுருங்கிப்போன அவள், போன கிழமை வந்து, "சின்னன் எண்டாலும் அவனுக்கு வாய் பெரிசு ரீச்சர்" என்றாள். 2025இல் வந்த இரண்டாவது புத்தகம் 'த பொய்சன்ட் கிங்'கில் பெரிய டிராகன்கள் வருகின்றன என்று சொன்னேன். லண்டனிலிருந்து ஆர் வருகினம், எப்ப வருகினம் என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுப் போனாள்.