பெங்களூருக்கு முதல் தொழில் பயணம்: விமானமா, இரவு பஸ்ஸா, பகல் ரயிலா?

மோட்டார்களின் அதிர்வை அளந்து, பழுது வரும் முன்பே எச்சரிக்கும் கருவி ஒன்றைக் கோவையில் தயாரிக்கிறோம். எங்கள் முதல் வெளியூர் வாடிக்கையாளர் பெங்களூரின் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் அமைந்தார். அங்கே போக இருந்த மூன்று வழிகளையும் அலசி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். இன்றுவரை அதையே பின்பற்றுகிறேன். முந்தைய நாள் பகல் ரயிலில் போய், ஓசூரில் தங்கி, வேலை முடிந்த பிறகு இரவு பஸ்ஸில் திரும்புவதுதான் அந்த வழி.

விமானத்தின் வசதி தெரிந்ததுதான். பீளமேட்டில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். ஆனால் இறங்குவது நகரின் வடக்கே தேவனஹள்ளியில். பொம்மசந்திரா இருப்பதோ தெற்கே, ஓசூர் சாலையில். இடையில் பெங்களூரு முழுவதையும் கடக்க வேண்டும். டெமோ பெட்டியோடு போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். ஸ்க்ரூ டிரைவர், ஸ்பேனர் போன்றவற்றை செக்-இன் செய்யும் பெட்டியில் போட வேண்டும். ஒரே பெட்டியில் அடுக்கி வைத்ததைப் பிரித்து, போன இடத்தில் மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும். கட்டணம் ஒரு பெரிய தடையல்ல என்றே நினைக்கிறேன். முன்கூட்டியே பதிவு செய்தால், ரயில் செலவோடு ஓர் இரவு அறை வாடகையைச் சேர்த்த தொகைக்கு அது வெகுதூரத்தில் இல்லை.

இரவு பஸ் மலிவானது. காந்திபுரத்தில் பத்து மணிக்கு ஏறினால் விடியற்காலையில் ஓசூர் சாலையிலேயே இறங்கலாம். அறை வாடகையும் மிச்சம். ஆனால் சந்திப்பு பத்தரை மணிக்கு என்றால், ஐந்தரை மணியிலிருந்து எங்கே இருப்பது? பல விடுதிகளில் நண்பகலுக்குத்தான் அறை தருகிறார்கள். முன்னதாகக் கேட்டால் அரை நாள் வாடகையாவது கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். அரைத்தூக்கத்தோடு போய், விலை பேசப் பழகியவர் எதிரே உட்கார்வது முதல் ஆர்டருக்கு நல்லதல்ல. ஆகவே போகும்போது பஸ் வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

பகல் ரயிலில் நான் பார்த்த தேர்வுகள் இரண்டு. 2018 முதல் ஓடும் இரட்டை அடுக்கு உதய் எக்ஸ்பிரஸ் ஒன்று. 2023 டிசம்பர் 30 அன்று தொடங்கிய வந்தே பாரத் மற்றொன்று. இரண்டும் காலையில் கோவையை விட்டு மதியத்துக்குள் அல்லது மதியத்தை ஒட்டிச் சேர்ந்துவிடும். இரண்டுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓட்டம் இல்லை என்பதால் கிழமை பார்த்துப் பதிவு செய்யுங்கள். எனக்கு வந்தே பாரத் பிடித்ததற்குக் காரணம் வேகமல்ல. அது தருமபுரி வழியாகப் போய் ஓசூரில் நிற்கிறது என்பதுதான். பொம்மசந்திராவுக்கும் பக்கத்துத் தொழிற்பகுதியான ஜிகனிக்கும் போகிறவர்கள் பெங்களூரு வரை போய்த் திரும்ப வேண்டியதே இல்லை. ஓசூரில் அறை வாடகை குறைவு. காலையில் பெங்களூரு பஸ் ஏறினால் அத்திபெலே, சந்தாபுரா தாண்டியதும் பொம்மசந்திரா. மாலை முழுவதும் கையில் இருப்பதால் கருவியை அறையிலேயே ஓட்டிப் பார்த்து, விலைப் பட்டியலை நிதானமாகச் சரிபார்க்கலாம்.

இவ்வளவும் சிறிய விஷயங்கள்தான். என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: சந்திப்பு தள்ளிப்போனால் திரும்பும் பயணம் என்ன ஆகும்?

தொழிற்சாலைச் சந்திப்பு சொன்ன நேரத்தில் முடிவது அரிது. பர்ச்சேஸ் மேலாளர் கேட்டு முடித்ததும், “பராமரிப்புப் பொறியாளரையும் பாருங்கள்” என்பார். அவரோ ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் பொருத்திக் காட்டச் சொல்வார். பொருத்த வேண்டுமானால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். உற்பத்தி நடக்கும்போது யாரும் நிறுத்தமாட்டார்கள். ஷிப்ட் மாறும் வேளையில்தான் இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளிக்காகக் காத்திருந்து, கருவி காட்டும் எண்களை அவரே பார்க்கும்படி செய்தால்தான் ஆர்டர் நகரும். அறைக்குள் காட்டும் படங்களை நம்பி யாரும் பணம் கொடுப்பதில்லை.

மாலை ஆறரை மணி விமானத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தால், மூன்று மணிக்கே பொம்மசந்திராவிலிருந்து கிளம்பியாக வேண்டும். வாடிக்கையாளரின் ஆர்வம் தொடங்கும் வேளையில் நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றினால் கட்டண வித்தியாசம் கனமாக விழும். ரயிலும் இந்த விஷயத்தில் உதவாது. கோவை திரும்பும் அந்த இரண்டு ரயில்களும் மதியம் இரண்டு மணியை ஒட்டிக் கிளம்பிவிடும். தட்கல் முந்தைய நாள்தான் திறக்கும். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது.

பஸ் அப்படியல்ல. கோவைக்குப் போகும் ஆம்னி பஸ்கள் மடிவாளா, சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி என்று ஓசூர் சாலை நெடுகிலும் ஏற்றிக்கொண்டுதான் வருகின்றன. ஒன்பது மணிக்கு மேல் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால், வார நாளில் மாலை ஏழு மணிக்குப் பதிவு செய்தாலும் படுக்கை கிடைத்துவிடும். “நாளை எங்கள் எம்.டி. வருகிறார், இருந்து பார்த்துவிட்டுப் போங்கள்” என்றால், தயங்காமல் சரி என்று சொல்லலாம். ஆகவே திரும்புவதற்கு முன்பதிவே செய்யாதீர்கள். மாற்றுச் சட்டை ஒன்றைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமைக்கு இது பொருந்தாது. அன்றிரவு கட்டணம் தாறுமாறாக ஏறும், இடமும் இருக்காது. செவ்வாயோ புதனோ சந்திப்பு கேளுங்கள்.

வாடிக்கையாளர் வேறு பகுதியில் இருந்தால் ஓசூர் உதவாது. ஒயிட்பீல்டு என்றால் உதய் எக்ஸ்பிரஸில் வந்து கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கி, பக்கத்திலேயே மெட்ரோவின் ஊதாத் தடத்தைப் பிடிக்கலாம். பீனியா என்றால் மெஜஸ்டிக்கிலிருந்து பச்சைத் தடம். அந்தப் பக்கங்களில் என் அனுபவம் குறைவு. அங்கே சந்திப்பு முடிந்து இரவு பஸ் ஏற வேண்டுமானால், மெட்ரோவில் ஆர்.வி. ரோடு வந்து, 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தடத்தில் சில்க் போர்டுக்கு மாறுவது சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஹெப்பால், எலஹங்கா போல விமான நிலையச் சாலையில் முதலீட்டாளரை ஒரு மணி நேரம் மட்டும் பார்க்க வேண்டும், டெமோ பெட்டியும் கிடையாது என்றால், நான்கூட விமானத்தில்தான் போவேன்.